குதிரை பாய்ந்த ராஜா

ஜூன் 6, திங்கள்

ரேஷன் கடையில் பாமாயில் வரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு ஸ்கூட்டர். உள்ளே செஸ் வாத்தியார் ஞானதிரவியத்தின் மகள் பியூலா உட்கார்ந்து, என் மனைவி செண்பகவடிவு கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு ஆள் வருவது இதுவே முதல் தடவை.

விஷயம் இதுதான். ஞானதிரவியத்துக்கு விழித்திரை பிரிந்துவிட்டது. இடது கண் கண் அழுத்த நோயில் எப்போதோ போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணில்தான் இப்போது அறுவை. உள்ளே வாயுவை நிரப்பியிருக்கிறார்களாம். அந்தக் குமிழிதான் விழித்திரையை அழுத்திப்பிடித்து ஒட்டவைக்க வேண்டும். அதற்கு அவர் இரண்டு வாரம் முகத்தைத் தரைப்பக்கம் வைத்துக் கவிழ்ந்தே கிடக்க வேண்டும். சாப்பிடுவதும் குனிந்தபடியே. தலையை நிமிர்த்தினால் ஒட்டியது விட்டுப்போகலாம். இன்னொரு அறுவைக்கு அந்தக் கண் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மகள் பேங்கில் வேலை பார்க்கிறாள். இரவில் அவள் பார்த்துக்கொள்வாள். பகலில் ஆள் இல்லை. நேற்றே எழுந்திருக்கப் பார்த்தாராம்.

எத்தனையோ பேர் அவரிடம் படித்திருக்கும்போது என்னிடம் ஏன் வந்தாய் என்று கேட்டேன்.

"அப்பாதான் உங்க பேரைச் சொன்னாங்க அங்கிள். ஆவுடையப்பனைக் கூப்பிடு, அவன் எதுக்க இருந்தா நான் தலையைத் தூக்க மாட்டேன்னாங்க."

'அவன்' என்றதைக் கவனித்துக்கொண்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன்.

அவள் போனதும் செண்பகவடிவு சொன்னாள்: "இதுல யோசிக்க என்ன இருக்கு? இத்தன வருசமா வீட்டுக்குள்ள இருந்தே அவுகளத் திட்டுதிய. நேர்ல போய்த் திட்டிட்டு வாங்க. எனக்கும் காது கொஞ்சம் ஓயும்."

ஜூன் 7, செவ்வாய்

போனேன். அவருக்காகப் போகவில்லை. அவரை ஒரு தடவையாவது ஜெயிக்காமல் நான் ஓயப்போவதில்லை. அவர் கண் போய்விட்டால் பிறகு யாரோடு ஆடுவது?

பாளையங்கோட்டையில் தேவாலயத்துக்குப் பின்புறத் தெரு. கட்டிலின் தலைமாட்டைத் தாண்டி ஒரு பலகையை நீட்டி, அதில் ஓட்டை போட்டுத் தலையணையைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். ஓட்டையில் முகம். எனக்குத் தெரிந்தது அவருடைய பிடரி மட்டும்தான். முன்பு முடி கருகருவென்று சுருண்டிருக்கும். இப்போது பஞ்சு.

"ஆவுடையப்பனா? நடையே சொல்லிச்சு. இன்னும் டிப்போ டைம்கீப்பர் நடைதான்வே உமக்கு. பலகையை வையும். வெள்ளை உமக்கு."

எப்படி ஆடுவீர்கள் என்று கேட்டேன். நான் பலகையைப் பார்த்து ஆட வேண்டுமாம். அவர் பார்க்காமலே தன் நகர்வைக் கட்டத்தின் பெயரால் சொல்வாராம். அவர் காயையும் நானே நகர்த்திவைக்க வேண்டுமாம்.

"அப்படி ஆடினா உங்களுக்குச் சிரமமில்லையா?"

"நீரு பாத்து ஆடுதீரு, நான் பாக்காம ஆடுதேன். சரியாப் போவும்."

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தோற்றேன். தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "உம்ம நல்ல நகர்வு, குதிரையை எஃப் அஞ்சுல வச்சது. அதுக்கப்புறம் நீரே அந்தக் குதிரைய மதிக்கல."

ஜூன் 8, புதன்

இன்றும் தோல்வி. திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை.

எதிராளியின் நல்ல நகர்வைச் சொல்லும் இந்த வழக்கத்தைப் பற்றி எழுதிவைக்க வேண்டும். ஞானதிரவியம் தன் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடமே இதுதான். ஜெயித்தாலும் தோற்றாலும், ஆட்டம் முடிந்து கைகொடுத்த பிறகு எழுந்து போய்விடக் கூடாது. எதிராளி ஆடியதில் மிகச் சிறந்த நகர்வு எது என்று அவனிடம் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியை விட வேண்டும். பொய்யாகப் பாராட்டக் கூடாது. நிஜமாகவே சிறந்ததைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அவரும் யாரிடமும் இதைத் தவறவிட்டதில்லை. சின்னப் பிள்ளைகளிடம்கூடக் குனிந்து சொல்லிவிட்டுப் போவார்.

ஒரே ஒரு ஆளிடம் ஒரே ஒரு தடவை சொல்லவில்லை. அது நான்.

1976, மாவட்டப் போட்டியின் கடைசிச் சுற்று. எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. டிப்போவில் கண்டக்டர்கள் ஆடுவதை நின்று பார்த்துக் கற்றேன். அது நாட்டு ஆட்டம். அதில் ராஜாவுக்கு ஒரு சலுகை உண்டு. செக் வாங்காத ராஜா, ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரையைப் போலப் பாயலாம். பிறகு நூலகத்தில் புத்தகம் பார்த்து வெளிநாட்டு விதிகளை நானே படித்துக்கொண்டேன். அதில் ராஜா பாய முடியாது. தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் ஞானதிரவியத்துக்கு எதிரே, நான் ஜெயிக்கும் நிலையில் இருந்தபோது, என் கை பழைய ஆட்டத்தை ஆடிவிட்டது. ராஜாவைத் தூக்கிக் குதிரைக் கட்டத்தில் வைத்தேன்.

நடுவர் அப்போது வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். ஞானதிரவியம் கையைத் தூக்கி அவரைக் கூப்பிட்டார். தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும் என்பது விதி. ராஜாவை வேறு கட்டத்துக்கு நகர்த்தினேன். அதோடு ஆட்டம் போயிற்று. கூடம் முழுக்கச் சிரித்தது. 'குதிரை ராஜா' என்று பெயர் வைத்தார்கள். நான் ஓய்வு பெறும் வரை டிப்போவில் அதுதான் என் பெயர்.

விதி விதிதான். நடுவரைக் கூப்பிட்டதில் எனக்குக் கோபம் கிடையாது. நானாயிருந்தாலும் கூப்பிட்டிருப்பேன். ஆனால் கைகொடுத்துவிட்டுப் பேசாமல் எழுந்துபோனாரே, அதைத்தான் சொல்கிறேன். எனக்குச் சொல்ல அவருக்கு ஒரு நகர்வுகூடக் கிடைக்கவில்லையா?

ஜூன் 9, வியாழன்

கவிழ்ந்து கிடப்பவருக்குக் கழுத்து வலி. ஆட வேண்டாம் என்றார். அதற்குப் பதிலாகத் தன் பழைய ஆட்டங்களைச் சொன்னார். ஒவ்வொரு நகர்வாக அவர் சொல்ல, நான் பலகையில் வைத்துக்கொண்டே போனேன்.

மெட்ராஸுக்கு வந்த வெளிநாட்டு மாஸ்டரோடு ஆடியதைச் சொன்னார். அதில் ராணியைத் தூக்கிக் கொடுக்கிறார். கொடுத்த பிறகு என்ன கிடைக்கிறது என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஒரு குதிரையும் ஒரு சிப்பாயும் மட்டும் நிற்கின்றன. ஐந்தாறு நகர்வு கழித்துத்தான் புரிகிறது, எதிராளியின் காய்கள் எல்லாம் ஒன்றின் வழியில் ஒன்று நின்றுகொண்டிருக்கின்றன. அத்தனை பெரிய படை வைத்துக்கொண்டு அந்த மனிதர் அசைய முடியாமல் கிடந்திருக்கிறார். நான் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னவே சத்தத்தைக் காணோம்?"

"காப்பி ஆறுது" என்றேன். காப்பி எப்போதோ ஆறிப்போயிருந்தது.

பிறகு ஒரு முடிவாட்டம். இரண்டு ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும். யாராயிருந்தாலும் ராஜாவைச் சிப்பாயை நோக்கித்தான் கொண்டுபோவார்கள். இவர் எதிர்த்திசையில் நடக்கவிடுகிறார். அதுதான் வழி. வேறு எந்த வழியில் போனாலும் டிராதான். நானும் எல்லா வழியிலும் முயன்றேன், ஒன்றும் பலிக்கவில்லை. இதைக் கடிகாரம் ஓடும்போது, பசியோடு, ஒரு மனிதன் கண்டுபிடித்திருக்கிறான்.

நல்ல ஆட்டக்காரர் இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

ஜூன் 10, வெள்ளி

மழை. தோல்வி.

ஜூன் 11, சனி

அவரிடம் படித்தவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் கிராண்ட்மாஸ்டர். இன்னொருவன் வெளிநாட்டில் பயிற்சி கொடுக்கிறான். ஆரஞ்சுப் பழம், பூங்கொத்து எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்து அவர் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். இவ்வளவு பெரிய ஆளான பிறகும் தரையில் படுத்தார்களே என்று எனக்கே மனம் என்னவோ செய்தது. ஆனால் அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள்.

போகும்போது கிராண்ட்மாஸ்டர் என்னிடம், சாரோடு தினமும் ஆடுகிறீர்களா, கொடுத்துவைத்தவர் என்றான். இதுவரை எல்லாவற்றிலும் தோல்விதான் என்றேன். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம் என்றான். நான் ஆரம்பிக்கவில்லை தம்பி, முடிக்க வந்திருக்கிறேன் என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

அவர்கள் போன பிறகு ஞானதிரவியத்தின் கை கட்டில் சட்டத்தைப் பிடித்துப் பிடித்து விட்டது. பிறகு, கொஞ்ச நேரம் எழுந்து உட்கார்ந்தால் என்ன ஆகிவிடும் என்றார். ஒரு நிமிஷம்தானே என்றார். நான் பலகையைத் தட்டி, வெள்ளை எனக்கு, சிப்பாய் ஈ நாலு என்றேன். ஓட்டைக்குள்ளிருந்து "சி அஞ்சு" என்று வந்தது.

தோற்றேன். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

ஜூன் 12, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை பியூலா வீட்டில் இருப்பாள் என்பதால் போகவில்லை. செண்பகவடிவோடு நெல்லையப்பர் கோயிலுக்குப் போனேன். அவள் சாமி கும்பிடும்போது நான் ஆட்டத்தைத் தொடங்கும் நகர்வுகளை, ஒரு புதுத் திறப்பை, மனசுக்குள் ஆடிக்கொண்டிருந்தேன். "உதடு அசையுது, மந்திரம் மாதிரித் தெரியலியே" என்றாள்.

ஜூன் 13, திங்கள்

அந்தத் திறப்பையே ஆடினேன். அவருக்குப் பழக்கமில்லாதது. காலையில் தொடங்கி மூன்று மணி வரை போயிற்று.

நிலவரத்தை இங்கே எழுதிவைக்கிறேன். என் ராணியும் குதிரையும் அவர் ராஜாவின் வாசலில் நிற்கின்றன. இன்னும் இரண்டு நகர்வில் மேட். அவருடைய ஒரு யானை ஏ எட்டில், முதல் கட்டத்திலேயே தூங்குகிறது. (நான் யானை என்பேன். அவர் ரூக் என்பார். யானை என்றால் நாட்டு ஆட்டமாம்.) அது டி எட்டுக்கு வந்திருந்தால் திறந்த பாதை கிடைத்து எனக்கு ஆபத்து. வரும் என்று பயந்தேன். வெகு நேரம் யோசித்தார். கடைசியில் யானையை விட்டுவிட்டு, ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளச் சொன்னார். அது பிழை. பலகையைப் பார்த்திருந்தால் அந்தப் பிழையை அவர் செய்திருக்க மாட்டார். அதற்கு நான் பொறுப்பில்லை.

மருந்து விடும் நேரம் வந்ததால் நிறுத்தினோம். பலகை அப்படியே இருக்கிறது. மேலே துணி போட்டு மூடி, யாரும் தொடக் கூடாது என்று பியூலாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

நாற்பத்தாறு வருஷம். நாளைக்கு.

"என்ன, பல்லெல்லாம் தெரியுது?" என்றாள் செண்பகவடிவு. ஒன்றுமில்லை என்றேன். பாயசம் வைக்கச் சொன்னேன்.

ஜூன் 14, செவ்வாய்

துணியை எடுத்தேன். எல்லாம் வைத்தபடி இருந்தது. குதிரையை முன்னே வைத்து, நகர்வைச் சொன்னேன். அடுத்தது மேட்.

அவர் சொன்னார்: "ரூக் டி ரெண்டு."

ஏ எட்டில் நிற்கும் யானை டி இரண்டுக்கு வர வழியே கிடையாது. செல்லாத நகர்வு என்றேன்.

"எப்படிச் செல்லாது? டி எட்டுல இருக்க ரூக், டி ரெண்டுக்கு வராதா?"

அது டி எட்டில் இல்லை என்றேன். நேற்றே கொண்டுவந்துவிட்டேனே என்றார். இல்லை, நேற்று நீங்கள் தள்ளியது சிப்பாயை என்றேன். அவர் குரல் மாறிவிட்டது. ஆட்டத்தில் தோற்கிற குரல் அல்ல அது. வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பவர்களின் குரல்.

"எனக்குத் தப்பாதுவே. பலகை எனக்கு ஒருநாளும் தப்பினதில்ல. கண்ணும் போயி இதுவும் போயிடுச்சுன்னா... நான் பாக்கணும். ஒரு தரம் பாத்துக்கிடுதேன்."

இரண்டு கையையும் ஊன்றினார். தோள் எழும்பிற்று. தலை ஓட்டையிலிருந்து வெளியே வரத் தொடங்கிற்று.

நான் பிடரியில் கையை வைத்து அழுத்தினேன். "அண்ணாச்சி, தலையைத் தூக்காதிய. இருக்கு. யானை டி எட்டுலதான் இருக்கு. நான்தான் சரியாப் பாக்கல."

"இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி. இந்தா, டி ரெண்டுல வைக்கேன். சத்தம் கேக்குதா?"

காயைப் பலகையில் ஓங்கி வைத்தேன். தோள் மெல்ல இறங்கிற்று. பிடரி வேர்த்து நனைந்திருந்தது. கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

அந்த யானை உள்ளே வந்த பிறகு என் ஆட்டம் தாங்கவில்லை. மதியத்துக்குள் தோற்றேன்.

நேற்று நான் எழுதிவைத்த நிலவரத்தில் பிழை இருந்திருக்கிறது. யானை டி எட்டில்தான் இருந்திருக்க வேண்டும். வயதாகிறது, கண்ணாடியை மாற்ற வேண்டும்.

இன்றைக்கு அவர் என் நல்ல நகர்வைச் சொல்லவில்லை. தூங்கிவிட்டார் போலும்.

மிச்சமிருந்த பாயசத்தைச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூன் 15, புதன்

பியூலா வாசலிலேயே நின்றிருந்தாள். "வாங்க சித்தப்பா" என்றாள். அங்கிள் எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. அங்கிள் என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது.

ஆடினோம். தோல்வி.

ஜூன் 17, வெள்ளி

டிரா. அவர்தான் கேட்டார். நான் என் வாழ்நாளில் டிரா கேட்டதில்லை. வேறு வழியில்லாத நிலை, ஒப்புக்கொண்டேன். என் நல்ல நகர்வு, ராணியை மாற்றிக்கொள்ளாமல் பின்வாங்கியதாம். "உமக்குப் பின்வாங்கத் தெரியும்னு இன்னைக்குத்தான்வே தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார்.

ஜூன் 20, திங்கள்

டாக்டரிடம் அழைத்துப் போனோம். ஆட்டோவிலும் குனிந்தே வந்தார். வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது என் கையைப் பியூலா பிடித்துக்கொண்டிருந்தாள். அல்லது நான் பிடித்திருந்தேனோ என்னவோ.

ஒட்டிவிட்டது. தலையை நிமிர்த்தலாம். குமிழி கரையக் கரையப் பார்வை வரும்.

ஜூன் 26, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் வரச் சொல்லியிருந்தார். முதல் தடவையாக எனக்கு எதிரே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குள் இன்னும் பாதி வாயு இருக்கிறதாம். மேல்பாதி தெரிகிறது, கீழ்பாதி தண்ணீருக்குள் இருப்பதுபோல ஆடுகிறது என்றார். என்னை உற்றுப் பார்த்தார்.

"கிழவனாயிட்டீரே வே."

"உங்களைவிடச் சின்னவன்தான்" என்றேன்.

சிரித்தார். பிறகு பலகையைக் காட்டி, தன் வாழ்நாளிலேயே சிறந்த ஆட்டம் ஒன்றைச் சொல்வதாகவும், நான் வைத்துக்கொண்டே வர வேண்டும் என்றும் சொன்னார். மாஸ்டரோடு ஆடியதைத்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டீர்களே என்றேன். அது இல்லை என்றார்.

சொல்லத் தொடங்கினார். வெள்ளைக்கு ஒரு நகர்வு, கறுப்புக்கு ஒரு நகர்வு. ஆரம்பத்தில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெள்ளைக்காரன் நன்றாகவே ஆடுகிறான், யாரிடமும் படித்த ஆட்டமாக இல்லை, கொஞ்சம் முரட்டு ஆட்டம் என்று நினைத்தேன். பதினைந்தாவது நகர்வில் வெள்ளைக் குதிரை ஓரத்துக்குப் போயிற்று. எந்தப் புத்தகத்திலும் இல்லாத நகர்வு. அப்போதுதான் என் கை நின்றது.

அந்தக் குதிரையை அங்கே வைத்தவன் நான். 1976.

"வையும்வே. ஏன் நிறுத்திட்டீரு?"

வைத்தேன். ஒவ்வொன்றாக. நானே மறந்துபோனதையெல்லாம் அவர் சொன்னார். கடைசியில் அந்த இடம் வந்தது. என் ராஜா அங்கே நிற்கிறான். கூடத்தின் சிரிப்பு எனக்குக் காதில் கேட்டது. இங்கே நிறுத்துவார் என்று காத்திருந்தேன்.

நிறுத்தவில்லை. அவரே கையை நீட்டி, தடவிப் பார்த்து, வெள்ளை ராஜாவைத் தூக்கிக் குதிரைக் கட்டத்தில் வைத்தார்.

அதற்கு மேலும் சொல்லிக்கொண்டே போனார். கறுப்பு தப்பிக்க எடுக்கும் ஒவ்வொரு வழியும், அதற்கு வெள்ளையின் பதிலும். எதிலும் கறுப்புக்குத் தப்ப வழியில்லை. கடைசியில் கறுப்பு ராஜாவை, தன் ராஜாவை, விரலால் சாய்த்துவைத்தார்.

"எத்தனையோ வருசமா இதைப் பாத்துக்கிட்டு இருக்கேன். அந்த ராஜா குதிச்சிருந்தா நான் தோத்தேன். அன்னைக்கு உம்ம நல்ல நகர்வு அதுதான்வே. வேற எதைச் சொன்னாலும் பொய்யாயிருக்கும். விதியில இல்லாததை நல்ல நகர்வுன்னு ஒரு வாத்தியான் எப்படிச் சொல்லுவான்? அதான் எந்திரிச்சுப் போயிட்டேன்."

ஆனாலும் விதியை விட்டுக்கொடுக்க எனக்கு வராது.

"ராஜா குதிக்கிறது செல்லாது அண்ணாச்சி" என்றேன்.

"செல்லாதுதான்."

சாய்ந்த ராஜாவை மெல்ல நிமிர்த்திவைத்தார். பிறகு அந்தப் பாதிக் கண்ணால் என்னைப் பார்த்தார்.

"ஏ எட்டுல நின்ன யானை, டி ரெண்டுக்கு வந்தது மட்டும் செல்லுமாவே?"

யானை என்றார்.

ஜூன் 27, திங்கள்

பாமாயில் வந்துவிட்டது. வாங்கிக் கொடுத்துவிட்டுப் பத்து மணிக்குப் பாளையங்கோட்டைக்கு. இனி அவர் பலகையைப் பார்த்தே ஆடுவார். வெள்ளை அவருக்கு. விட்டுக்கொடுப்பதாக இல்லை.